கார்டு பெட்டிக்கு அடுத்த பெட்டி

மினாஹாமா ரயில் நிலையத்தை அந்த வீட்டில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அதன் கிழக்கு வாசலில் பஸ் நிற்கும் என்பதும், மேற்கு வாசல் வழியாக வெளியே போனால் படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம் என்பதும் ரெங்கசாமிக்கும் அவர் மனைவி ரத்தினம்மாளுக்கும் இளைய மகள் கலாவுக்கும் மனப்பாடம். மூத்தவள் பவானி ஜப்பானுக்குப் புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில், யாங்கோன் நகரின் தாகேதா பகுதியிலிருந்த அவர்கள் வீட்டுக் கூடத்தில் அந்த நிலையம் தினமும் கட்டப்பட்டது. அரிசி அளக்கும் படிதான் டிக்கெட் வாயில். உட்காரும் பலகைதான் பிளாட்பாரம். சாப்பாட்டுத் தட்டுகள் பஸ் நிற்கும் இடங்கள். மூன்றாவது தட்டில் நிற்கும் பஸ் முதியோர் இல்லத்துக்குப் போகும். அந்த இல்லத்தில்தான் பவானிக்கு வேலை. சமையலுக்கு வேண்டுமென்று ரத்தினம்மாள் ஒரு தட்டை எடுத்துப்போனால், "அப்பா, துறைமுகத்துக்குப் போற பஸ்ஸை அம்மா தூக்கிட்டுப் போறாங்க" என்று பவானி கத்துவாள்.

கலாவும் அக்காவோடு சேர்ந்து ஜப்பானிய மொழி படித்தவள். தேர்வில் தேறாததால் யாங்கோனிலேயே தங்கிவிட்டாள். ஆனாலும் அந்த நிலையத்தின் இணையப் பக்கத்தைத் தட்டுத்தடுமாறிப் படிக்க அவளால் முடிந்தது. அவள் படிக்கப் படிக்க, ரெங்கசாமி தட்டுகளை நகர்த்தி வைப்பார்.

"வண்டி நின்னதும் குதிக்கக் கூடாதும்மா. இது பசுண்டாங் ஸ்டேஷன் இல்ல."

"அங்க கதவு தானா தொறக்கும்பா."

"தொறந்தாலும் குதிக்கக் கூடாது."

ரெங்கசாமி ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் ரயில்வே, தாத்தாவும் ரயில்வே. வேலையின் கடைசி ஆண்டுகளில் நகரைச் சுற்றி ஓடும் ரயிலில் இருந்தார். அந்தப் பெட்டிகள் ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்தவை. கதவுக்கு மேலே ஜப்பானிய எழுத்துகள் அழியாமல் அப்படியே இருந்தன. "ஜப்பான் வண்டியில நின்னுதான் நான் கொடி காட்டினேன்" என்று அவர் சொல்லும்போது, அந்த நாட்டு ரயில்களையெல்லாம் நடத்திப் பார்த்தவர் போலவே இருக்கும்.

வயது வந்த பிள்ளைகள் இருந்த வீடுகளில் அந்த ஆண்டுகளில் யாரும் நிம்மதியாக இல்லை. கட்டாய ராணுவச் சேவை என்ற பேச்சு வந்த பிறகு, எங்கே வழி திறந்திருக்கிறதோ அங்கே பிள்ளைகளை அனுப்பிவிடப் பெற்றோர் தவித்தார்கள். பவானி கிளம்பியதும் அந்தத் தவிப்பில்தான். அழுதுகொண்டு அனுப்பினார்கள், அனுப்பிவிட்டுச் சாமிக்கு நன்றி சொன்னார்கள்.

ஜப்பானில் முதல் ஒரு மாதம் பெரிய நகரம் ஒன்றில் பயிற்சி. அது முடிந்து பவானி தனியாக ரயிலேறி மினாஹாமாவுக்குப் போகவேண்டிய நாள் ஒரு கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை. அவள் கைப்பேசியில் இன்னும் சிம் கிடையாது. மினாஹாமா நிலையத்தில் இலவச வைஃபை உண்டு. போய் இறங்கியதும் அதிலிருந்து செய்தி அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள்.

ரத்தினம்மாளும் கலாவும் அறியாதது ஒன்று இருந்தது.

முந்தைய நாள் மாலை பவானி வைபர் செயலியில் கூப்பிட்டபோது கலா கடைக்குப் போயிருந்தாள். ரத்தினம்மாள் அடுப்படியில். ரெங்கசாமிதான் எடுத்தார்.

"கலா சொன்னாப்பா, கடைசியா மாறி ஏறற வண்டியில முன்னாடி இருக்கற ரெண்டு பெட்டியிலதான் ஏறணுமாம். பயிற்சி நிலையத்துலயும் அதையேதான் சொன்னாங்க."

"முன்னாடியா? யார் சொன்னது? பொம்பளப்புள்ள தனியாப் போனா முன்னாடி ஏறுவாளா? கார்டு பெட்டிக்கு அடுத்த பெட்டியில ஏறு. நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் அப்படித்தான் போயிருக்காங்க."

"இல்லப்பா, அவங்க..."

"அவங்க பொதுவா எல்லாருக்கும் சொல்லுவாங்க. முன் பெட்டி எங்க போகுதோ பின் பெட்டியும் அங்கதானம்மா போகும்? கார்டு பின்னாடிதான் இருப்பாரு. ஒண்ணுன்னா அவர் பார்த்துக்குவாரு. யார் என்ன சொன்னாலும் எடத்தை விட்டு எழுந்திரிக்காதே."

பவானி சிரித்து, "சரிப்பா" என்றாள்.

அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. ரயில்வே குடியிருப்புகளில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இந்த வழக்கம் உண்டு. தனியாகப் போகும் பெண் கடைசிப் பெட்டியில், கார்டுக்கு அருகில் உட்கார வேண்டும். கார்டு தமிழராக இருந்தாலும் பர்மியராக இருந்தாலும், இன்னார் வீட்டுப் பெண் என்று தெரிந்துவிட்டால் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு முறை எட்டிப் பார்ப்பார். ரத்தினம்மாள் கல்யாணம் ஆன புதிதில் தவுங்கூவிலிருந்து தனியாக வந்தபோது, முகம் தெரியாத ஒரு கார்டு இறங்கி வந்து அவளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வீட்டில் அடிக்கடி சொல்லப்பட்ட கதை அது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் கைப்பேசி அடித்தது. கூப்பிட்டது பிரேம்நாத். பவானியை ஜப்பானுக்கு அனுப்பிய ஏஜென்சியில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞன். பர்மிய வழக்கப்படி ரெங்கசாமியை 'ஊலே' என்றுதான் கூப்பிடுவான். மாமா என்பது போல. ரத்தினம்மாள் அவனுக்கு 'அன்டி'.

"ஊலே, பவானிகிட்டேயிருந்து ஏதாவது செய்தி வந்துச்சா?"

"இன்னும் வரலியே தம்பி. போய்ச் சேர்ந்துட்டாளா?"

"அதைத்தான் நான் கேக்கறேன். முதியோர் இல்லத்துலேயிருந்து மியுரான்னு ஒரு அம்மா வந்து, பேர் எழுதின அட்டையோட கிழக்கு வாசல்ல நிக்கறாங்க. பவானி வரவேண்டிய வண்டி வந்துடுச்சி. அதுக்கு அடுத்ததும் வந்துடுச்சி. இவ இறங்கல."

"இறங்கலன்னா?"

"இறங்கலன்னா இறங்கல, ஊலே." அவன் குரல் இறுகியிருந்தது. "உண்மையைச் சொல்லுங்க. அவளுக்கு அங்க வேற ஊர்ல யாராவது சிநேகிதங்க இருக்காங்களா? அதிகச் சம்பளம் தர்றோம் வான்னு யாராவது கூப்பிட்டாங்களா?"

ரெங்கசாமி கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்திருந்தார். பக்கத்தில் நின்ற ரத்தினம்மாள் குனிந்து, "எம் பொண்ணு ஓடற பொண்ணா தம்பி?" என்றாள்.

"போன மாசம் ரெண்டு பொண்ணுங்க ஓடினாங்க அன்டி. அவங்க அம்மாவும் என்கிட்ட இதையேதான் கேட்டாங்க." பிரேம்நாத் பெருமூச்சு விட்டான். "கேளுங்க. கடைசி பஸ் போறவரைக்கும் மியுரா அம்மா நிப்பாங்க. அதுக்குள்ள வரலன்னா, காணாமப் போயிட்டான்னு அவங்க மேலிடத்துல சொல்லித்தான் ஆகணும். சொல்லிட்டா விசா போச்சு. அப்புறம் அவ அங்க ஒளிஞ்சி திரியணும், இல்லன்னா இங்க திரும்பி வரணும். இங்க திரும்பி வந்தா என்னன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும்.

"சொன்னபடி செய்யாத ஆளுன்னு பேர் வாங்கினாலும் அங்க கஷ்டம்தான். விதிமுறைன்னா அவங்களுக்கு உசிரு. எதுவா இருந்தாலும் சீக்கிரம் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

சொன்னபடி செய்யாத ஆள். ரெங்கசாமிக்குச் சுருக்கென்றது. ஆனால் எந்தப் பெட்டியில் ஏறினாலும் வண்டி ஒன்றுதானே? வண்டி போகும் ஊருக்குத்தானே பெட்டியும் போகும்? இதைப் போய் எதற்குச் சொல்ல வேண்டும்?

வீட்டில் அப்போது கரண்ட் இல்லை. கைப்பேசியில் இணையம் ஊர்ந்தது. தெரு முனையில் ரஹ்மத்துல்லாவின் தேநீர்க் கடையில் பெரிய பேட்டரியும் வைஃபையும் உண்டு. மூன்று பேரும் அங்கே போனார்கள்.

ரஹ்மத்துல்லா அவர்களைப் பார்த்ததும், "வாங்க கார்டு சார், குடும்பத்தோட வண்டி ஏறிட்டீங்க. எந்த ஊருக்கு?" என்று ஆரம்பித்தவர், ரத்தினம்மாளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கலா விஷயத்தைச் சொன்னாள். அவர் தொலைக்காட்சியை அணைத்தார். பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நான்கு பேர் கூச்சலிட்டார்கள்.

"இன்னிக்கு யாரு ஜெயிச்சாலும் நாளைக்குச் சொல்றேன், போங்கப்பா" என்று பர்மியத்தில் அவர்களிடம் சொல்லிவிட்டு, உள்மேசையைத் துடைத்துக் கொடுத்தார். கடையிலிருந்த ஒரே சார்ஜர் வயரில் மாட்டியிருந்த தம் கைப்பேசியைப் பிடுங்கிவிட்டுக் கலாவுடையதைச் செருகினார்.

கலா அந்த ரயில் பாதையின் பக்கத்தைத் தேடித் திறந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. ஒரு சொல்லைத் தனியே எடுத்துப் பொருள் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"என்னடி?" என்றாள் ரத்தினம்மாள்.

"கவாதேன்னு ஒரு ஜங்ஷன்மா. அங்க வண்டியை ரெண்டாப் பிரிச்சிடுவாங்களாம். முன்னாடி ரெண்டு பெட்டி கடலோரமா மினாஹாமாவுக்குப் போகுது. பின்னாடி ரெண்டு பெட்டி மலைப் பக்கம் போகுது. வேற லைன்."

ஒரே வண்டியின் பெட்டிகள் இரண்டு ஊருக்குப் போகும் என்பது, வாழ்நாள் முழுக்கக் கொடி பிடித்த ரெங்கசாமியின் கனவில்கூட வந்ததில்லை.

"அதனாலதான் முன் பெட்டின்னு சொல்லியிருக்காங்க" என்று கலா தொடர்ந்தாள். "எனக்கும் காரணம் தெரியாது. ஆனா அக்காகிட்ட நான் படிச்சிப் படிச்சிச் சொன்னேன். அவளும் சரின்னா. அவ முன்னாடிதான் ஏறியிருப்பா. முன்னாடி ஏறினா நேரா மினாஹாமாதான்..."

அவள் கைப்பேசித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவான குரலில், "அம்மா, ஒருவேளை பிரேம்நாத் சொல்றது..." என்றாள்.

"வாயை மூடு."

"நான் சொல்லலம்மா. ஆனா தூங்கினாக்கூட அங்கதான கொண்டு போய் விடும்? வழியில வேணும்னு இறங்கினாத்தான் தப்பும். போன வாரம் பேசறப்ப ஒரு மாதிரி இருந்தா. குளிருதுன்னா. அழுதா. என்கிட்ட எதையோ மறைக்கிறான்னு எனக்குத் தோணிச்சி."

ரத்தினம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ரெங்கசாமி இரண்டு மகள்களையும் வளர்த்தவர். ஒருத்தி மேல் பழி வந்தால் மற்றவள் அடிக்கப் பாய்வாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். இப்போது அந்தக் கலாவே அக்காவைச் சந்தேகப்படுகிறாள். தாம் வாயைத் திறக்காமல் இருக்கும் ஒவ்வொரு நொடியும் பவானி இந்த மேசையின் முன்னால் கள்ளியாகிக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு உறைத்தது. சொன்னால் சொற்பேச்சுக் கேளாதவள் என்ற பெயர் அவளுக்கு. ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் என்ற பெயர் தமக்கு. சொல்லாவிட்டால் அவள் இருட்டுகிற நேரத்தில் மலைப் பக்கம் எங்கோ நிற்பாள், யாரும் தேட மாட்டார்கள். முருகா என்று ஒரு முறை மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"அவ முன்னாடி ஏறல" என்றார்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"நேத்து நான்தான் சொன்னேன். கார்டு பெட்டிக்கு அடுத்த பெட்டியில ஏறுன்னு. முன் பெட்டின்னு நீ சொன்னதா அவ சொன்னா. நான்தான் வேணாம்னுட்டேன்."

கலா பர்மியத்துக்குத் தாவினாள். கோபம் வந்தால் தமிழ் அவளுக்குப் போதாது. எத்தனை தடவை சொன்னேன், எழுதிக்கூட அனுப்பினேன், உங்கள் ரயில் வேறு அந்த ரயில் வேறு, உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது என்று அவள் பொரிந்தாள். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். கடைக்குள் இருந்த எல்லாருக்கும் அது புரிந்தது; அந்த மொழி எல்லாருக்கும் தெரியும்.

"போதும் மகளே" என்றார் ரஹ்மத்துல்லா. "திட்டறதை அப்புறம் வச்சிக்க. திட்டு எங்கேயும் ஓடிப் போயிடாது. முதல்ல அந்த ஏஜென்சி தம்பியைக் கூப்பிடு."

கலா எண்ணை அழுத்திக் கைப்பேசியை அப்பாவின் பக்கம் தள்ளினாள். அவரே பேசட்டும் என்பது போல.

ரெங்கசாமி சொல்லி முடிக்கும்வரை பிரேம்நாத் குறுக்கே பேசவில்லை. பிறகு, "ஊலே, நான் முதல்ல கூப்பிட்டப்பவே இதைச் சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

"சொல்லியிருக்கலாம்."

"அறிவுரையை மீறினதா ஆகும். பவானி மேலதான் வரும்."

"என் மேல எழுதுங்க தம்பி. அப்பன் சொல்லித்தான் ஏறினான்னு எழுதுங்க."

"உங்க மேல எழுத அவங்ககிட்ட இடம் கிடையாது, ஊலே. சரி, வைங்க. மியுரா அம்மா கிளம்பறதுக்குள்ள பிடிக்கணும்."

அதன் பிறகு அவர்கள் காத்திருந்தார்கள். ரஹ்மத்துல்லா தேநீர் கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. ஆறியதை எடுத்துப்போய்ச் சூடாக வேறு வைத்தார். அதுவும் ஆறியது. ரத்தினம்மாள் கணவரின் பக்கத்திலிருந்து எழுந்து, வாசல் ஓரமாகக் கிடந்த சின்ன முக்காலியில் போய்த் தனியே உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வெளியே பஸ்கள் போயின. தன்லியின் என்ற ஊருக்குப் போகும் பஸ் ஒன்றின் நடத்துநர் வாசலில் தொங்கியபடி ஊர்ப் பெயர்களைக் கூவினான். ஏறவந்த பெண் ஒருத்தியின் கூடையை அவனே வாங்கி உள்ளே வைத்தான். எங்கே போக வேண்டும் என்று கேட்டான். இறங்கும் இடம் வந்ததும் அவனே கூப்பிட்டு இறக்குவான். இந்த ஊரில் வழி தெரியாதவர்கள் அப்படித்தான் போய்ச் சேருகிறார்கள். அந்தக் குளிர் ஊரில் பெட்டிகளைப் பிரிக்கும்போது தம் மகளிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்களா என்று ரெங்கசாமி நினைத்தார். அந்த நினைப்பில் அந்த ஊர்க்காரர்கள் மேல் அவருக்குக் கோபம்கூட வந்தது.

நெடுநேரம் கழித்து ரத்தினம்மாள் அவரைப் பார்க்காமலே பேசினாள்.

"நீங்க மட்டும் சொல்லல. தேத்தண்ணி வாங்கிக் குடுத்த கார்டு கதையை நானும்தான் எத்தனை தடவை அவளுக்குச் சொல்லியிருக்கேன். கேட்டுக் கேட்டு வளர்ந்தவ."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ரஹ்மத்துல்லா எழுந்து, செய்ய ஒன்றுமில்லாத அடுப்படிக்குப் போய்விட்டார்.

விளக்கேற்றும் நேரத்தில் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். கலா பாய்ந்து எடுத்தாள். முதலில் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லியது. பிறகு பவானி.

"அம்மா."

ரத்தினம்மாள் முக்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்தாள். கலா, "எங்கடி இருக்க?" என்று கத்தினாள்.

"கவாதே ஸ்டேஷன்ல. மியுராசான் கார் எடுத்துக்கிட்டு இங்க வந்துட்டாங்க. நான் மலைப் பக்கம் போயிட்டுத் திரும்பி வர்ற வண்டி இங்க நிக்கும்னு தெரிஞ்சி, பிளாட்பாரத்துலேயே நின்னாங்க. அவங்க கோட்டைக் கழட்டி எனக்குப் போட்டு விட்டுட்டாங்க. நான் வேணாம்னு சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க."

"சாப்பிட்டியா?" ரத்தினம்மாள் கைப்பேசியின் பக்கம் குனிந்தாள்.

"சோத்து உருண்டை குடுத்தாங்கம்மா. அப்பா எங்க?"

ரெங்கசாமி கைப்பேசியை இரண்டு கையாலும் வாங்கினார்.

"அப்பா, நான் தூங்கிட்டேன்னு சொல்லியிருக்கேன். எடம் தெரியாம ஏறித் தூங்கிட்டேன்னு. நீங்களும் பிரேம்நாத் அண்ணன்கிட்ட அப்படியே சொல்லிடுங்க. உங்க பேரை நான் சொல்லல."

"நான் முன்னாடியே சொல்லிட்டேம்மா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் பின்னணியில் ரயில் நிலையத்தின் மணியோசை போன்ற இசை ஒன்று கேட்டு ஓய்ந்தது.

"அதனாலதான் இவங்க இங்க வந்தாங்களா?" என்றாள் பவானி. "நான் எதைச் சொன்னாலும் இவங்க தலையை ஆட்டிக்கிட்டே, 'அப்பா, அப்பா'ங்கறாங்க. எனக்குப் புரியல."

"நீ பொய் சொன்னேன்னு நினைச்சிடப் போறாங்க. உள்ளதைச் சொல்லிடும்மா. என்னைக் காப்பாத்த வேணாம்."

"சரிப்பா. அப்பா, ஒண்ணு சொல்லணும். வண்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் எழுந்து முன்னாடி போனாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஒரு பொண்ணு, காலேஜ் படிக்கறவ மாதிரி இருந்தா, போனவ திரும்பி வந்தா. என் பையைத் தொட்டுக் காட்டி, முன்னாடி கையைக் காட்டி, வா வான்னு கூப்பிட்டா. ஏதோ கேட்டா. மினாஹாமான்னு அவ சொன்னதுகூட எனக்குக் கேட்டுச்சி."

"அப்புறம்?"

"நான் சிரிச்சிக்கிட்டே வேணாம்னு தலையாட்டினேன். அவ மறுபடியும் கூப்பிட்டா. என் பையைக்கூடத் தூக்கினா. நான் பையைப் பிடிச்சி இழுத்துக்கிட்டேன். எடத்தை விட்டு எழுந்திரிக்காதேன்னு நீங்க சொன்னீங்கல்ல. அவ என்னை ஒரு மாதிரி பார்த்தாப்பா. பிறகு மணி அடிச்சிடுச்சி. ஓடிட்டா."

ரெங்கசாமி சுவரில் சாய்ந்தார். ஏதோ ஒரு நாட்டில் பெயர் தெரியாத ஒரு பெண் தன் வண்டியையே தவறவிடத் துணிந்து வந்து கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்து தம் மகள் பையைப் பிடுங்கிக்கொண்டாள். அவளைப் பிடுங்க வைத்தது தாம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்களா என்று சற்றுமுன் கோபப்பட்டதும் தாம்தான்.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. இனிமே அங்க யாராவது வான்னு கூப்பிட்டா, என்ன சொல்றாங்கன்னு நின்னு கேளும்மா. எனக்கு உன் ஊரு தெரியாது. பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

"எல்லாரும் நல்லவங்களா இருப்பாங்களாப்பா?"

பொய் சொல்ல அன்று அவருக்கு மனமில்லை.

"இருக்க மாட்டாங்க. ஆனா திரும்பி வந்து கூப்பிடறவ நல்லவளாத்தான் இருப்பா."

கைப்பேசியை மியுரா வாங்கினார். கலா ஜப்பானிய மொழியில் நன்றி சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அவர் சொன்னதில் அவளுக்குப் பாதிதான் புரிந்தது. சாலையில் பனி இருப்பதால் மெதுவாகத்தான் ஓட்டுவாராம், கவலைப்பட வேண்டாமாம்.

பிரேம்நாத் கடைசியாகக் கூப்பிட்டபோது ரஹ்மத்துல்லா கடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"காணாமப் போனதா எழுதல, ஊலே. ஆனா ஒரு எச்சரிக்கை உண்டு. இன்னொண்ணு வந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. நான் பேசிப் பார்த்தேன். அவ்வளவுதான் முடிஞ்சது."

"நீ செஞ்சதே பெரிசு தம்பி."

"நான் உங்ககிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அன்டிகிட்டேயும்."

"நீ கேட்டதுல தப்பில்ல. நான்தான் உடனே சொல்லல. நீ சாப்பிட்டியா?"

"இனிமேதான், ஊலே."

"போய்ச் சாப்பிடு."

அன்று இரவு வீட்டில் கலா அப்பாவுக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கோபம் ஆற நாளாகும் என்று அவருக்குத் தெரியும். ஆற வேண்டும் என்று கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. இன்னொரு எச்சரிக்கை வந்தால் என்ற வார்த்தை மூன்று பேரின் மனதிலும் கிடந்தது. பவானிக்கு மூன்று வருட ஒப்பந்தம். மூன்று வருடமும் அது அங்கேயேதான் கிடக்கும்.

மறுநாள் காலையில் ரெங்கசாமி குளித்து, தேங்காயும் பழமும் வாங்கிக்கொண்டு தெருக்கோடி மாரியம்மன் கோயிலுக்குப் போனார். கூட்டமில்லை. வயதான பர்மியப் பெண் ஒருத்தி அம்மனுக்கு முன்னால் மண்டியிட்டு வணங்கிவிட்டு எழுந்தாள். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார்.

"யார் பேருக்கு அர்ச்சனை கார்டய்யா? பவானி பேருக்கா?"

"பவானிக்கு ஒண்ணு. மியுரான்னு ஒரு அம்மாவுக்கு ஒண்ணு. இன்னொரு பொண்ணுக்கு ஒண்ணு."

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்க."

"மியுராவுக்கு நட்சத்திரம் தெரியாது சாமி. அந்தப் பொண்ணுக்குப் பேரும் தெரியாது."

பூசாரி சிரித்தார். "அப்ப அம்மன் பேருக்கே பண்ணிடலாமே? எல்லாருக்கும் சேரும். நட்சத்திரம் தெரியாதவங்களுக்கு அப்படித்தான் பண்றது."

"இல்ல சாமி. அவ பேருக்கே பண்ணுங்க."

"பேர் தெரியாதுன்னீங்களே?"

"எனக்குத்தான் தெரியாது" என்றார் ரெங்கசாமி, கருவறையைப் பார்த்து.

பூசாரி ஒரு கணம் அவரைப் பார்த்தார். உள்ளே போய்க் குங்குமத்தை எடுத்துக்கொண்டு மந்திரத்தைத் தொடங்கினார். பவானியின் பெயர் வந்தது. மியுராவின் பெயர் கொஞ்சம் உருமாறி வந்தது. மூன்றாவது பெயர் வரவேண்டிய இடத்தில் அவர் குரல் நின்றது. அம்மனின் முகத்தைப் பார்த்தபடி ஒரு பெயர் சொல்லும் நேரம் காத்திருந்துவிட்டு, மேலே சொல்லத் தொடங்கினார்.